மருந்தோடு உணவும் கடமையே

மருந்தை வழங்கியதோடு தன் கடமை முடிந்ததென எண்ணும் அரசு, அம்மருந்தைத் தாங்க வேண்டிய உடலை மறந்த அரசாகும். எச்.ஐ.வி. தொற்று, எதிர்ப்பாற்றலின் காவலாகிய சிடி4 கலங்களை அழிப்பதோடு குடற்சுவரையும் சிதைத்து, உண்ட உணவின் சத்து உடலிற் சேராமல் தடுக்கிறது; துத்தநாகமும் செலனியமும் உயிர்ச்சத்துகளும் குறையுந்தோறும் எதிர்ப்பாற்றல் மேலும் தளர, தளர்ந்த உடலிற் காசநோய் எளிதிற் புகுகிறது.

ஆயினும் சத்து மருந்தாகிவிடாது. தான்சானியாவில் தொற்றுடைய 1,078 கர்ப்பிணிகளிடம் நிகழ்ந்து 2004இல் வெளியான ஆய்வில் பி, சி, ஈ உயிர்ச்சத்துகள் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தின. அது வைரசு எதிர்ப்பு மருந்து கிட்டாதிருந்த காலம். அவர்களிடமே உயிர்ச்சத்து ஏ, சேய்க்குத் தொற்றும் வாய்ப்பைக் கூட்டியது. மருந்து பெறுவோருக்கு மிகை அளவில் உயிர்ச்சத்து கொடுத்து அந்நாட்டிலேயே ஆராய்ந்தபோது, 2012இல் வெளியான முடிவு பயனைக் காட்டவில்லை; ஈரல் பாதிப்பின் அறிகுறியையே காட்டியது. தென்னாபிரிக்காவிலோ சுகாதார அமைச்சரே பூண்டையும் பீற்றூட்டையும் முன்னிறுத்த, ஆட்சியாளர் மருந்தைத் தாமதித்தனர். அதனால் 2000 முதல் 2005 வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் வீணே மாண்டன என ஹாவார்ட் ஆய்வாளர் கணித்தனர். சத்துமாவையும் பானத்தையும் நோய்தீர்க்கும் மருந்தென விற்போரை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வட இலங்கையின் மன்னார்த் தீவிலோ கவலை வேறு: மருந்து மறுப்பன்று, உணவுக் குறைவே. பேசாலையிலும் தலைமன்னாரிலும் கரையேறும் சூடையிற் செலனியமும் நண்டில் துத்தநாகமும் உண்டு. நல்ல நண்டோ ஏற்றுமதிக்குப் போகிறது. கடல் கொந்தளிக்கும் காலத்திலும், இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்லும் நாள்களிலும் கடற்றொழிலாளர் வீட்டு உணவு சுருங்குகிறது. அவ்வீட்டில் தொற்றுடையவர் ஒருவர் இருப்பின், தமக்கு நல்லுணவு ஏன் வேண்டும் என்பதை அவர் எவரிடமும் சொல்ல இயலாது. ஒருவரை ஒருவர் அறிந்த சிறு தீவில், அவருக்கெனத் தனிப்பொதி வழங்கினால் அப்பொதியே அவரைக் காட்டிக்கொடுக்கும். பெறும் உணவுக்காக மானத்தை இழக்க யார் முன்வருவர்?

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுப் பரவுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை ஏற்றது. 1973 முதல் திரிபோஷா என்னும் சத்துணவைத் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வழங்கிவரும் நாடும் இதுவே. இத்தகைய நாட்டுக்கு, தொற்றுடையோரைக் காட்டிக்கொடாது மருந்தோடு உணவும் வழங்கும் பணி அரிதன்று.

ஆதலின், சிகிச்சைக்கு வருவோரின் நிறையையும் குருதியையும் உரிய காலத்தில் அளந்து, கண்ட குறையை மருத்துவர் வகுத்த அளவிலேயே நிரப்புக. நோயின் பெயரைக் குறியாது, மருத்துவரின் பரிந்துரை ஒன்றே போதுமெனக் கொண்டு, இவர்களைப் பொது உணவு உதவியிற் சேர்த்துக்கொள்க. வடமாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் மன்னார் மாவட்டச் செயலகத்தையும் இதனை வேண்டுகிறோம்.