ஃபயோலை மனப்பாடம் செய்தால் மேனேஜர் ஆகிவிடலாமா?

மேலாண்மைக் கோட்பாடுகள் மொத்தம் எத்தனை? பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த யாரையாவது நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டுப் பாருங்கள். பதினான்கு என்பார்கள். சொன்னது யார்? ஹென்றி ஃபயோல். வரிசையாகச் சொல்? வேலைப் பகிர்வு, அதிகாரமும் பொறுப்பும், ஒழுங்கு, கட்டளை ஒருமை... மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவார்கள். முழு மார்க்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இவை தான் அடிக்கடி பயன்படுத்தியவை மட்டுமே, கோட்பாடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, சூழ்நிலைக்குத் தக்கபடி வளைத்துக்கொள்ள வேண்டும் என்று 1916ல் எழுதியவரே அந்த ஃபயோல்தான். திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பிரெஞ்சு சுரங்கக் கம்பெனியை 1888ல் கையில் எடுத்து, முப்பது வருடம் நடத்திக் காட்டியவர். யாராவது ஒரு மாணவி சொந்தமாக யோசித்துப் பதினைந்தாவது கோட்பாடு ஒன்றை எழுதினால் ஃபயோல் சந்தோஷப்பட்டிருப்பார். விடைத்தாள் திருத்துபவர் சிவப்பு மையில் சுழித்து விடுவார்.

தமிழ்நாட்டில் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது 1978ல். அன்று முதல் இன்று வரை தேர்ட் குரூப் என்றால் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பத்தாவதில் மார்க் குறைந்தவர்கள் போகும் இடம் என்று ஒரு முத்திரை. அந்த வகுப்பில்தான் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு மேலாண்மை சொல்லித் தருகிறார்கள். 2019ல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் புத்தகத்தின் முதல் அலகே அதுதான். ட்ரக்கர், டெய்லர், ஃபயோல், பிறகு மேலாண்மையின் பணிகள், பிறகு 'குறியிலக்கு மேலாண்மை', 'விதிவிலக்கு மேலாண்மை'. (இந்தக் கடைசி இரண்டு சொற்களையும் பரீட்சை ஹாலுக்கு வெளியே உச்சரித்த மனிதர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு சல்யூட்.) தேர்வு தொண்ணூறு மார்க்குக்கு. இருபது ஒரு மார்க், ஏழு இரண்டு மார்க், ஏழு மூன்று மார்க், ஏழு ஐந்து மார்க். ஐந்து மார்க் என்றால் ஐந்து பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடிட்ட தலைப்பு. அவ்வளவுதான் மேலாண்மை.

வேலையே பார்க்காத வயதில் மேலாண்மை எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. கனடாவின் ஹென்றி மிண்ட்ஸ்பெர்க் 2004ல் எம்.பி.ஏ. படிப்பை வைத்தே இதைச் சொன்னார். அனுபவம் இல்லாதவர்களை வகுப்பறையில் உட்கார வைத்து மேலாளர் ஆக்க முடியாது, தப்பான ஆட்களுக்குத் தப்பான முறையில் சொல்லித் தருகிறார்கள் என்பது அவர் கட்சி. இருபத்துமூன்று வயதுக்காரனுக்கே இப்படி என்றால் பதினாறு வயதுக்கு? பாடத்தையே தூக்கிவிடலாமே என்று தோன்றும்.

ஆனால் அந்த வாதம் நம்மூர் தேர்ட் குரூப் வகுப்பறைக்குள் வந்தால் நொண்டியடிக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அனுபவம் இல்லாதவர்களா? ஒருவன் சாயங்காலம் அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறான். எந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம், எந்த வீட்டுக்குக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். இன்னொருத்தி மே மாத லீவில் பனியன் கம்பெனிக்குப் போய் பிசிறு வெட்டியிருக்கிறாள். மூன்றாவது பெஞ்சில் இருப்பவனின் அப்பா மண்டியில் லோடுமேன். இத்தனை அனுபவத்தையும் வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்கிறது பாடத்திட்டம். பிரச்சினை வயதில் இல்லை. யாருடைய நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

டெய்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் மேலாண்மையின் தந்தை, 1911ல் புத்தகம் எழுதினார், உற்பத்தியைப் பெருக்கினார். பாயின்ட் முடிந்தது. அந்தப் புத்தகத்தில் இருக்கும் கதை என்ன? அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பு ஆலையில் ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்து வண்டியில் ஏற்றிக் கொண்டிருந்தான். டெய்லரின் முறைப்படி செய்ய வைத்ததும் அது நாற்பத்தேழு டன்னுக்கு மேல் போனது. கூலி? ஒரு டாலர் பதினைந்து சென்ட்டில் இருந்து ஒரு டாலர் எண்பத்தைந்து சென்ட் ஆனது. கணக்குப்பதிவியலும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள்தானே, போட்டுப் பார்க்கட்டும். வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் யாருக்குப் போனது? வணிகவியல் வகுப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் இல்லையா? கேட்பதில்லை.

அந்தத் தொழிலாளிக்கு டெய்லர் வைத்த பெயர் ஷ்மிட். உண்மைப் பெயர் ஹென்றி நோல். அவரை எருதோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார் 'தந்தை'. அதுகூடப் போகட்டும். அந்தக் கதையில் பெரும்பகுதி கட்டிவிட்டது என்று 1974ல் ரெகே, பெரோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். புத்தகம் வந்த அதே 1911ல் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில், ஸ்டாப் வாட்சோடு வந்து பின்னால் நிற்கிறார்கள் என்று வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போனார்கள். 1912ல் டெய்லர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது. 1915ல் ராணுவத் தொழிற்சாலைகளில் அந்த ஸ்டாப் வாட்ச் வேலைக்குத் தடையே போட்டார்கள். எவ்வளவு சுவாரசியமான கதை! ஒரு பீரியட் போதும், பின் பெஞ்சில் தூங்குபவன்கூட எழுந்து உட்காருவான். அதை விட்டுவிட்டு 'டெய்லரின் கோட்பாடுகள் யாவை, ஏதேனும் ஐந்தினை விளக்குக'.

திருப்பூரில் இதைப் படிக்கும் பெண்ணின் அம்மா பீஸ் ரேட்டில் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. மகள் பாடத்தில் டெய்லரின் வேறுபட்ட பீஸ் ரேட் முறையைப் படிக்கிறாள். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒரு ரேட், தாண்டாவிட்டால் குறைந்த ரேட். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் அம்மாவின் பீஸ் ரேட்டுக்கு உறவான முறைக்குத்தான் நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? அந்த 'குறிப்பிட்ட அளவை' யார் முடிவு செய்வது, எந்த மெஷினில், எவ்வளவு வேகமாகத் தைப்பவரை வைத்து முடிவு செய்வது என்று அவளைக் கேட்க விட்டால், அம்மாவிடம் போய் விசாரித்து மறுநாள் அவள் எழுதி வரும் பதில் எந்த கைடிலும் கிடைக்காது.

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று அந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. பத்தே நாள். அந்தப் பத்து நாளில் செய்தித்தாள் முழுக்க மேலாண்மைப் பாடம்தான்.

2024ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம். சங்கம் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதுதான் மையமான பிரச்சினை. கடைசியில் 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மனிதவள மேலாண்மை என்று தனி அலகே இருக்கிறது பிளஸ் டூ புத்தகத்தில். சென்னையில் இருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் நடந்ததை விட்டுவிட்டு, ஆட்சேர்ப்பின் அக மூலங்கள், புற மூலங்கள் என்று அட்டவணை போட வைக்கிறார்கள்.

ஃபயோலின் பட்டியலில் நேர்மையும் பரிவும் கலந்த சமநோக்கு என்று ஒன்று உண்டு. துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே புடவை விரித்துப் போடும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடச் சொல்லி 2021ல் இங்கே சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவும் கேரளா 2018ல் செய்த பிறகு. ஆறாவது பாயின்டாக இதை எழுதினால் மார்க் உண்டா?

இன்னொரு விஷயம். மேலாண்மை என்பது அமெரிக்காவிலும் பிரான்சிலும் பிறந்து கப்பலில் இங்கே வந்து இறங்கியது மாதிரியே சொல்லித் தருகிறார்கள். தமிழில் மேலாளரைக் குறிக்கும் பழைய சொற்கள் எவ்வளவு கசப்பானவை என்று யோசித்ததுண்டா? மேஸ்திரி. கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து, கப்பலேற்றி, அவர்கள் மேலேயே அதிகாரியாக நின்றவர் கங்காணி. ஆட்சேர்ப்பு, மேற்பார்வை, கடன் எல்லாம் ஒரே கையில். இலங்கையில் தொழிலாளியின் கடன் தொகையை 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, அதை அடைக்கும் தோட்டத்துக்கு ஆளை மாற்றிவிடுவார்கள். 1921ல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கட்டளை ஒருமைக்கு இதைவிட நல்ல உதாரணம் ஃபயோலுக்கே கிடைத்திருக்காது.

சரி, எதிர்த்தரப்பையும் பார்ப்போம். 'பள்ளிக்கூடத்தில் அரசியல் எதற்கு, பிள்ளைகள் பாஸாகி வேலைக்குப் போனால் போதாதா' என்பார்கள். முதலாளி பக்கம் மட்டும் நின்று பாடம் நடத்துவது அரசியல் இல்லையாம். தொழிலாளி பக்கத்தைச் சொன்னால் மட்டும் அரசியலாம்! முதலாளி ஆகப் போகிறவனுக்கும் இந்தக் கதை தேவை. ஆள் நிற்காமல் ஓடுவது ஏன் என்று தெரியாமல் யூனிட் வைத்தவன் எத்தனை நாள் தாங்குவான்?

ஆசிரியர்களைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. அவர்கள் தலைமேல் பாஸ் பர்சென்டேஜ் தொங்குகிறது. எத்தனை சென்டம் என்று பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தாக வேண்டும். ட்ரக்கர் 1954ல் எழுதிய குறியிலக்கு மேலாண்மையை, அதே எண் இலக்குக்குப் பயந்துகொண்டே ஒருவர் போர்டில் எழுதிப் போடுகிறார். எண் இலக்கு வைத்து ஆட்களை ஓட்டுவதை ஒழித்துக் கட்டுங்கள் என்று எட்வர்ட்ஸ் டெமிங் எண்பதுகளிலேயே கத்திவிட்டுப் போனார். அவருடைய பட்டியலிலும் பதினான்கு பாயின்ட்தான், ஒன்றுக்கொன்று இணையானது என்று நினைத்து யாரும் பொருத்துக கேள்வி வைக்காமல் இருந்தால் சரி.

பள்ளியிலேயே மேலாண்மை சொல்லித் தர வேண்டும் என்று முதலில் வாதாடியவர்களில் ஃபயோலும் ஒருவர். தொடக்கப் பள்ளியில் கொஞ்சம், அடுத்து இன்னும் கொஞ்சம், கல்லூரியில் நிறைய என்பது அவர் திட்டம். குடும்பத்தை நடத்தவும் இது வேண்டும் என்றார். இங்கே நடப்பது என்ன? பிளஸ் டூவில் படித்த அதே பதினான்கு பாயின்டை பி.காம்., பி.பி.ஏ.வில் ஆங்கிலத்தில் திரும்பப் படிக்கிறார்கள். எம்.பி.ஏ. போனால் மூன்றாம் தடவை, இப்போது பவர்பாயின்டில்.

சி.பி.எஸ்.இ.யில் இருபது மார்க் புராஜெக்ட் இருக்கிறதே என்று சொல்லலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் பல இடங்களில் அது நெட்டில் இறக்கிய படமும் கலர் பிரிண்டும் ஸ்பைரல் பைண்டிங்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்து மார்க் அகமதிப்பீடு. அந்தப் பத்து மார்க்கை வைத்தே நிறையச் செய்யலாம். ஒரு டீக்கடை, ஒரு பட்டறை, ஒரு ஜவுளிக்கடை, எதுவாக இருந்தாலும் ஒரு மாதம் கவனித்து, முதலாளியிடம் பாதி, வேலை செய்பவரிடம் பாதி கேட்டு நான்கு பக்கம். தமிழிலேயே, வீட்டில் பேசுகிற சொல்லிலேயே.

ஐந்து மார்க் கேள்வியிலும் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பி.காம். முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்களில் பலருக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிவதில்லை. பி.எஃப்.புக்குப் பன்னிரண்டு சதவீதம் எதன் மேல் பிடிக்கிறார்கள், கம்பெனி தன் பங்கைக் கட்டியதா, 2019 ஜூலை முதல் இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி தருவது 0.75 சதவீதம், முதலாளி தருவது 3.25 சதவீதம் என்றால் தன் சீட்டில் ஏன் வேறு எண் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. வினாத்தாளில் ஒரு சம்பளச் சீட்டை அச்சடியுங்கள். வேண்டுமென்றே ஒரு பிடித்தத்தைத் தப்பாகப் போடுங்கள். தவறு எங்கே, யாரிடம் போய்க் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஐந்து மார்க்குக்கு எழுதச் சொல்லுங்கள்.