வீட்டு நீரூற்று பாத்திக்கும் பாயட்டும்

கிராமங்களில் புது வீடு கட்டும் விவசாயிகள் பலர் வீட்டு முன்னால் ஒரு நீரூற்று வைக்க ஆசைப்படுகின்றனர். மைசூர் பிருந்தாவனத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் கேட்பதும் ஒரு காரணம். குடிநீருக்கே குடத்துடன் அலைகிற காலத்தில் இது எதற்கு என்று சொல்வோரும் உண்டு. அப்படி ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பகலெல்லாம் வெயிலில் நின்றவர் மாலையில் சற்று நேரம் நீர் விழும் ஓசையைக் கேட்டு உட்கார்ந்தால் அதில் குற்றமில்லை. ஆனால், கடையில் விற்கும் வகை நீரூற்று சிறு விவசாயிக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

கடை நீரூற்றில் தொட்டியில் நிரப்பிய நீரையே சிறு மோட்டார் திரும்பத் திரும்ப மேலே தள்ளுகிறது. "அதே தண்ணீர்தானே சுற்றுகிறது, செலவு என்ன?" என்று கடைக்காரர் சொல்வார். கணக்கைப் பாருங்கள். கோடையில் நம் உள்மாவட்டங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் ஆவியாகிறது. 8 அடி விட்டமுள்ள தொட்டியானால் தினமும் 30 லிட்டருக்கு மேல் போய்விடும். காற்றில் சிதறுவது தனி. வளர்ந்த ஒரு வாழைக்குச் சொட்டு நீர்ப் பாசனத்தில் ஒரு நாளைக்குக் கொடுக்கும் நீரைவிட இது அதிகம்.

இதைவிடப் பெரிய கேடு உப்பு. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். ஒன்றேகால் அடி ஆழத்திற்கு நீர் நிற்கும் மேற்சொன்ன தொட்டியில், குறைகிற நீருக்குத் தினமும் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி வந்தால் இரண்டு மாதத்திற்குள் உப்பின் அளவு இரட்டிப்பாகும். துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே சவர் நீர் உள்ள ஊர்களில், அந்தத் தொட்டி நீரைச் செடிக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். மோட்டார் நின்ற பிறகு கொசுவின் ராஜ்யம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். இரண்டாவது கோடையில் வறண்டு, சருகும் பிளாஸ்டிக் பையும் நிறைந்து கிடக்கும் நீரூற்றுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கிணற்றிலிருந்து தோட்டத்திற்குப் போகிற நீர் வழியில் ஒரு நிமிடம் துள்ளிவிட்டுப் போகட்டும். ஸ்ரீநகரில் 1619-ஆம் ஆண்டு ஜஹாங்கீர் அமைத்த ஷாலிமார் தோட்டத்தில் மோட்டார் ஏது? மேட்டிலிருந்து வரும் கால்வாய் நீர், சரிவின் அழுத்தத்தால் நீரூற்றாக எழும்பி, படிப்படியாக இறங்கித் தால் ஏரியை நோக்கிப் போனது. அந்த வேலையை நம் வீட்டு மாடித் தொட்டியே செய்யும்.

ஒரு சென்ட் காய்கறித் தோட்டத்திற்குக் கோடையில் தினமும் சுமார் 200 லிட்டர் நீர் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து அரை அங்குல பி.வி.சி. குழாயை இறக்கி, நுனியில் 5 மில்லிமீட்டர் துளையுள்ள மூடியைப் பொருத்தி, வால்வைச் சிறிது திறந்தால் நிமிடத்திற்கு 4 லிட்டர் வீதம் நீர் ஏறக்குறைய 2 அடி உயரம் எழும்பும். ஒரு மணி நேரத்தில் 240 லிட்டர். அதாவது, மாலையில் ஒரு மணி நேரம் நீரூற்று ஓடினால் கத்தரி, வெண்டை, கீரைப் பாத்திகளுக்கு அன்றைய தண்ணீர் பாய்ந்துவிடுகிறது. கொஞ்சம் மிஞ்சுவது கறிவேப்பிலைக்கு. நீரூற்றுக்கென்று ஒரு குடம் கூடச் செலவில்லை, தனி மோட்டாரும் தேவையில்லை.

தொட்டிக்கு 4 அடி விட்டம் போதும். நீர் எழும்பும் உயரம் தொட்டியின் விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் சாரல் வெளியே விழும். ஆடிக் காற்று பலமாக வீசும் கோவை, திருப்பூர், கம்பம் பகுதிகளில் ஓர் அடிக்கு மேல் வேண்டாம். பூப்போல விரியும் நுண்துளைத் தலைகளை வாங்காதீர்கள். அவை சீக்கிரம் அடைக்கும், நீரும் அதிகம் ஆவியாகும். ஒற்றைத் துளையே மேல். சுண்ணாம்பு படிந்தால் மூடியைக் கழற்றி இரவு முழுவதும் எலுமிச்சைச் சாற்றில் போட்டு வைத்துக் கழுவினால் போதும். மயில், குடம் ஏந்திய பெண் போன்ற சிமெண்ட் பொம்மைகளுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல வால்வு இரண்டு வாங்கலாம்.

தொட்டியின் அடி, பாத்தியைவிட உயரமாக இருக்க வேண்டும். அடியில் ஒரு வெளியேற்றுக் குழாயும் வால்வும், மேலே வழிந்தோட ஒரு குழாயும் வையுங்கள். இரவில் முழுவதும் வடித்துவிட்டால் கொசு அண்டாது. ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலும் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் அவசியம். பகலில் குருவிகளுக்காக மூன்று அங்குல நீர் விட விரும்பினால், நாள்தோறும் மாற்றுங்கள். நீர் ஆழம் குறைவாக இருப்பது குழந்தைகள் உள்ள வீட்டிற்குப் பாதுகாப்பு. முருங்கை, வேம்பின் அடியில் தொட்டி கட்டினால் இலை அள்ளியே மாளாது. கரிசல் மண்ணில் வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டவே கூடாது. கசியும் நீரில் மண் உப்பி அஸ்திவாரம் விரிசல் காணும்.

குளியலறை, பாத்திரம் கழுவும் நீரை இதில் விடச் சிலர் யோசனை கேட்கின்றனர். சோப்பு நீர் வாழைக் குழிக்குப் போகட்டும். தெறித்து மூக்கில் படும் நீருக்கு அது ஆகாது.

மாடித் தொட்டி இல்லாதவர்கள் சிறிய மோட்டார் வைக்கத்தான் வேண்டும். 20 வாட் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு ஒரு யூனிட் கூட ஆகாது. ஆகையால், வயலில் உள்ள விவசாய மின் இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கும் முறையற்ற வேலை வேண்டாம். வீட்டு இணைப்பிலேயே, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்சு வழியாகக் கொடுங்கள். நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் இந்தச் செலவை மிச்சப்படுத்தக் கூடாது.

புதுச் சிமெண்ட் தொட்டியின் நீரில் காரம் மிகுதி. பூசி முடித்து ஒரு வாரம் நனைத்த பின், மூன்று நான்கு முறை நிரப்பி நிரப்பி வடித்துவிட்டு, அதன் பிறகே பாத்திக்குத் திறந்துவிடுங்கள். மாசியில் வேலையை ஆரம்பித்தால் சித்திரை வெயிலுக்குள் தயாராகிவிடும்.