பசிக்காத மீனைப் பிடிப்பது எப்படி? டெக்சாஸ் தூண்டில்காரர்களின் பிப்ரவரி ரகசியம்!

பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குளிர் இன்னும் முழுதாக விட்டபாடில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது. ஆனாலும் லேக் ஃபோர்க் போன்ற ஏரிகளில் விடாமல் படகு இறக்குகிறார்கள். தேடுவது ஒரே ஒரு மீனை... அதுதான் லார்ஜ்மவுத் பாஸ்!

பெயருக்கேற்ற பெரிய வாய். கோடையில் தவளை, சின்ன மீன் என்று எதிரில் வந்ததையெல்லாம் விழுங்கிவிடும். ஆனால், குளிர்ந்த நீரில் கதையே வேறு.

ஏன் பசிக்காது?

மீனுக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ, அதுவும் அவ்வளவுதான். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதன் செரிமானம் மந்தமாகிவிடும். சாப்பிட்ட இரை செரிக்கவே நாள்கணக்கில் ஆகும். அதனால் இரையைத் துரத்தி ஓடாது. மூக்குக்கு நேராக வந்து நின்றால் மட்டும் வாயைத் திறக்கும்.

எங்கே, எப்போது?

நம் ஊரில் தூண்டில் என்றாலே விடியற்காலைதான். இங்கே அது எடுபடாது. வெயில் ஏறி, தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகு, பிற்பகலில்தான் மீன் அசையும். குளிர்காலத்தில் சூரியன் தென்பக்கம் சாய்ந்திருப்பதால், ஏரியின் வடகரைக்குத்தான் வெயில் நன்றாகக் கிடைக்கும். வாடைக்காற்றும் அங்கே அவ்வளவாக அடிக்காது. வெயிலில் சூடேறும் பாறைகள் உள்ள கரை என்றால் இன்னும் நல்லது. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடினாலே போதும், மீன் அங்கே வந்துவிடும்.

இரை விஷயத்தில் அவசரம் கூடாது. சின்ன மீன் போலவே இருக்கும், தண்ணீரின் நடுவில் அப்படியே நிற்கும் செயற்கை இரையைப் போடுகிறார்கள். இரண்டு முறை சுண்டி இழுத்துவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறார்கள். மீன் கடித்தாலும் வெடுக்கென்று இழுக்காது. நரம்பு லேசாகக் கனக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும். அவ்வளவுதான் அறிகுறி.

இவ்வளவு பாடு எதற்கு?

தண்ணீர் 16 டிகிரியை நெருங்கும்போது இந்த மீன்கள் முட்டையிடத் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் பெண் மீனின் வயிறு நிறைய முட்டை. ஆண்டிலேயே அதன் எடை அதிகமாக இருப்பது அப்போதுதான். ஆக, குளிரில் மாட்டும் பெரிய மீன் பெரும்பாலும் ஒரு தாய் மீன். அதைச் சமைத்துவிட்டால், அந்தக் குஞ்சுகளும் போச்சு!

இதற்கு டெக்சாஸ் அரசு வைத்திருக்கும் வழிதான் 'ஷேர்லங்கர்' திட்டம். ஜனவரி முதல் மார்ச் வரை, 13 பவுண்டு, அதாவது சுமார் 5.9 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ள மீன் மாட்டினால் ஒரு போன் போதும். ஊழியர்கள் வந்து மீனை உயிரோடு வாங்கிச் செல்வார்கள். அரசுப் பண்ணையில் அது முட்டையிடும். குஞ்சுகள் மாநிலத்தின் ஏரிகளுக்குப் போகும். தாய் மீனையும் தண்ணீரில் திரும்ப விட்டுவிடுவார்கள். பிடித்தவருக்கு அதே அளவில் ஒரு மாதிரி மீன் பரிசு. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

1986-ல் இந்தத் திட்டத்துக்கு முதலில் வந்த மீன், மார்க் ஸ்டீவன்சன் லேக் ஃபோர்க்கில் பிடித்தது. எடை 17.67 பவுண்டு. 'எத்தல்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு மிசோரி மாநிலத்தில், ஒரு கடையின் பெரிய கண்ணாடித் தொட்டியில் 1994 வரை வாழ்ந்தது. அதற்குள் 1992 ஜனவரியில், அதே ஏரியில் பாரி செயின்ட் கிளேர் 18.18 பவுண்டு மீனைப் பிடித்துவிட்டார். அவர் தூண்டில் போட்டது வேறு சின்ன மீனுக்கு!

13 பவுண்டு இல்லாத மீனையும் பலர் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல், இன்னொரு கையால் வயிற்றைத் தாங்க வேண்டும். படம் எடுப்பதென்றால் ஒன்றே ஒன்று. அதற்குமேல் அந்தத் தாயைக் காக்கவைக்கக் கூடாது.