பள்ளிப் பிள்ளைகள் பந்தயம் யாருக்காக?

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நமது ஊர்ச் சுவர்களில் திருவிழா நோட்டீசுக்குப் பக்கத்திலேயே இப்பொழுது மற்றொரு நோட்டீசும் ஒட்டப்படுகின்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கிரிக்கெட்டுப் பந்தயம் என்பதாக அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கின்றது. பிள்ளைகள் தேர் இழுப்பதைவிடப் பந்து அடிப்பது எவ்வளவோ சிலாக்கியம் என்பது நமது அபிப்பிராயமாதலால், இதைப் பார்த்து நாம் சந்தோஷமே அடைகின்றோம். ஆனால் அந்த நோட்டீசை முழுவதும் படித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் தோன்றாமல் இருக்காது. தலைமை வகிப்பவர் யார், முன்னிலை வகிப்பவர் யார், கோப்பை கொடுப்பவர் யார், அந்தக் கோப்பை யாருடைய தகப்பனார் ஞாபகார்த்தமாகக் கொடுக்கப்படுகின்றது என்பவை எல்லாம் படத்துடன் இருக்கின்றன. எத்தனை வயதுப் பிள்ளைகள், ஆளுக்கு எத்தனை பந்து கிடைக்கும், தோற்றுப்போன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மறுபடி ஆட்டம் உண்டா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அப்படியானால் இந்தப் பந்தயம் யாருக்காக நடக்கின்றது என்று கேட்கின்றோம்.

கேட்பதற்கு நமக்கு என்ன யோக்கியதை என்றால், அந்தத் தப்பைச் செய்தவர்களில் நாமும் ஒருவர் என்பதுதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பட்டணத்தில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக 8 பள்ளிக்கூடங்களைச் சேர்த்து ஒரு பந்தயம் நடத்திய கமிட்டியில் நாமும் இருந்தோம். ஆட்டத்திற்கு 25 ஓவர் என்று பேச்சு. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆரம்பம். பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்து நின்றுவிட்டார்கள். பந்தயத்தைத் துவக்கி வைக்க வேண்டிய கனவான் ஒன்பதுக்குச் சற்று முன்னதாக வந்தார். அப்பொழுது கமிட்டியில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம், அந்த நேரத்தில் முதல் பந்து போட்டால் பிள்ளைகளுக்குக் காலோ கையோ முறியும் என்றார். கனவானும் ஆமோதித்தார். நாம் ஆட்சேபித்தோம் என்பது வாஸ்தவம். ஆனால் ‘வந்த இடத்தில் சச்சரவு வேண்டாம்’ என்று நாலு பேர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டோம் என்பதும் வாஸ்தவம். ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பிறகு ஆடுகளத்தின் நடுவில் பூசணிக்காய் உடைத்தார்கள். அதன் சதையையும் விதையையும் வழித்து எடுக்க மேலும் கால் மணி ஆயிற்று. (கால் முறிவதற்கு ராகுவைவிடப் பூசணிச் சதையே அதிகம் தகுதியுடையது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.)

மாலைக்குள் நான்கு ஆட்டங்களையும் முடிக்க வேண்டியிருந்ததால் 25 ஓவரை 15 ஓவராகக் குறைத்தார்கள். ராகுவுக்குக் கொடுத்த நேரம் யாருடைய பையிலிருந்து போயிற்று என்று பார்க்க வேண்டும். கனவானின் பேச்சிலிருந்து ஒரு நிமிஷம் போகவில்லை. முதல் ஆட்டம் முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். 22 பிள்ளைகளில் 9 பேர் ஒரு பந்தைக்கூட அடிக்கவுமில்லை, போடவுமில்லை. அதில் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு அவனுடைய தகப்பனார் அன்றையக் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ‘எம் பையன் எப்பங்க ஆடுவான்?’ என்று அவர் நம்மைக் கேட்டார். அவனுடைய பள்ளிக்கூடம் தோற்றுப் போயிருந்தது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியது என்பதுதான் நாம் எழுதிய விதி. ஆகவே அந்தப் பையன் காலுக்குப் பேடு கட்டியதும் அவிழ்த்ததுமே அவன் ஆடிய ஆட்டம்.

இது பட்டிக்காட்டு மூடத்தனம், படித்த பெரிய பட்டணங்களில் இப்படி இராது என்று சிலர் சொல்லக்கூடும். ராகுகாலம் பார்க்காத இடத்திலும் இதே வியாதி வேறு உருவத்தில் இருக்கத்தான் செய்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு இந்தியாவிலேயே பேர்போன இடம் பம்பாய். அங்கே ஹாரிஸ் ஷீல்டு என்னும் பள்ளிக்கூடப் பந்தயம் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகின்றது. 1988 பிப்ரவரியில் அந்தப் பந்தயத்தின் அரையிறுதி ஆட்டத்தில், ஆசாத் மைதானத்தில், சாரதாசிரமம் பள்ளிக்கூடத்துப் பையன்களான சச்சின் தெண்டுல்கரும் வினோத் காம்பிளியும் ஆட்டமிழக்காமல் சேர்ந்து 664 ஓட்டங்கள் எடுத்தார்கள். ஒருவருக்கு 326, மற்றொருவருக்கு 349. உலகமெல்லாம் அந்த இருவரைக் கொண்டாடிற்று. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அடுத்தபடியாக இறங்க வேண்டிய பையன் ஒருவன் பேடு கட்டிக்கொண்டு அந்த நேரமெல்லாம் கூடாரத்தில் உட்கார்ந்தே இருந்தான். அவன் பெயர் அமோல் முசும்தார். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. பந்து பொறுக்கிப் பொறுக்கி ஓய்ந்துபோன எதிர்க்கட்சிப் பையன்கள் வேறு.

முசும்தார் பிற்காலத்தில் முதல்தர ஆட்டங்களில் 11,000க்கு மேற்பட்ட ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் இந்தியாவுக்கு ஆட அவருக்கு ஒரு தடவைகூட இடம் கிடைக்கவில்லை. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்தபோது அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவரே. உட்கார வைக்கப்பட்ட பையனிடத்தில் சரக்கு இல்லை என்று எவரும் சொல்ல முடியாமல் போயிற்று. அவருடைய பெயராவது நமக்குத் தெரிகின்றது. பெயர் தெரியாமல் பேடை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்று. 2016 ஜனவரியில் பம்பாய்க்குப் பக்கத்திலுள்ள கல்யாணில் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த பண்டாரி கோப்பை ஆட்டத்தில், ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகனான பிரணவ் தனவாடே ஆட்டமிழக்காமல் 1009 ஓட்டங்கள் எடுத்தான். அவனுடைய பள்ளிக்கூடம் எடுத்தது 3 விக்கெட்டுக்கு 1465. எதிர்த்து ஆடிய பிள்ளைகள் எடுத்தது ஒரு தடவை 31, மறு தடவை 52. எதிர்த்து ஆடியவர்களில் பெரும்பாலோர் வயதில் மிகவும் சிறியவர்கள் என்று அப்பொழுதே பத்திரிகைகள் எழுதின. அந்தப் பையன் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. போட்ட பந்தை அடித்தான், அவ்வளவுதான். 1465 ஓட்டம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களைத்தான் கேட்கிறோம். அன்று பந்து போட்ட சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன? ஜெயித்த பையனுக்குத்தான் என்ன நன்மை? சங்கத்தார் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார்கள். எங்கே போனாலும் ஆயிரம் அடித்த பையன் என்று எதிர்பார்க்கும் பாரம் தாங்காமல் ஆட்டம் இறங்கிற்று. 2017இல் அவன் தகப்பனாரே அந்தப் பணம் வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

இதற்குப் பரிகாரம் இல்லையா என்றால் தாராளமாக இருக்கின்றது. ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட்டுச் சங்கத்தார் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் ஆடுகளம் 22 கஜம், அதாவது 20 மீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே சிறு பிள்ளைகளுக்கு 16 மீட்டர், சற்று வளர்ந்தவர்களுக்கு 18 மீட்டர். கட்சிக்குப் பதினோரு பேர் என்பதும் கிடையாது, சிறு பிள்ளைகளுக்கு ஏழு பேர், அடுத்த படியில் ஒன்பது பேர். இத்தனை பந்து ஆடினால் மட்டையை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோரும் பந்து போட வேண்டும். பந்தும் சின்னதுதான். பெரியவர்கள் பந்து 156 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றால், சிறுவர் பந்து 133 முதல் 144 கிராம்வரை என்று கிரிக்கெட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றது. நம்மவர்களோ பத்து வயதுப் பையன் கையில் பெரியவர் பந்தைக் கொடுத்து, அது எதிர்முனைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அவனுக்கு ‘ராசி இல்லை’ என்கிறார்கள்.

வயது விஷயத்திற்கு வருவோம். பல பந்தயங்களில் 14 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மீசை அரும்பிய ஆள் ஒருவன் நிற்பதை நாமே பார்த்திருக்கின்றோம். இதற்கு உடந்தை யார்? பையனா? அவனுக்குச் சர்ட்டிபிகேட்டில் பேனா பிடிக்கத் தெரியுமா? பெற்றோரும் பயிற்சி கொடுப்பவர்களும் சேர்ந்துதான் செய்கிறார்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டிய நிலைமைக்கு இந்தியக் கிரிக்கெட்டு வாரியம் வந்துவிட்டது. 2020இல், பொய் வயது கொடுத்தவர்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டால் மன்னிப்பு, இல்லாவிட்டால் இரண்டு வருஷம் ஆடத் தடை என்றும் விளம்பரப்படுத்தினார்கள். 2015 டிசம்பரில் ராகுல் டிராவிட் ஒரு சொற்பொழிவில், வயதைத் திருத்துவதற்கும் ஆட்டத்தை விலைக்கு விற்பதற்கும் என்ன வித்தியாசம் என்னும் கருத்தைச் சொன்னார். பிள்ளைக்குப் பத்து வயதில் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டு, இருபது வயதில் யோக்கியனாக இரு என்றால் அவன் சிரிக்கமாட்டானா?

நிற்க, ‘திறமையுள்ளவன் ஆடட்டும், இல்லாதவன் பந்து பொறுக்கட்டும், எல்லோருக்கும் மட்டை கொடுத்தால் ஆட்டம் கெட்டுப் போகும்’ என்று ஒரு கூட்டத்தார் சொல்லுகிறார்கள். இந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல. எழுத்தும் படிப்பும் சிலருக்குத்தான் வரும் என்று சொன்னவர்கள் சொன்ன அதே வார்த்தை. பல்வங்கர் பாலுவின் சங்கதியைப் பாருங்கள். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த அவர் பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கும் வேலை பார்த்தார். அங்கே அவர்களுக்கு ஓயாமல் பந்து போட விட்டார்கள், மட்டை பிடிக்க விடவில்லை. பிறகு அவர் பந்துவீச்சின் பெருமை தெரிந்து சேர்த்துக்கொண்ட இந்துக்களோ, மைதானத்தில் அவர் போட்ட பந்தைத் தொட்டார்கள், தேநீர் நேரத்தில் அவரை வெளியே நிறுத்தி மண் குவளையில் ஊற்றினார்கள். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கட்சியில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டு எடுத்தார். அப்படியும் பம்பாய் இந்துக் கட்சிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் அந்த இடத்துக்கு வர முடிந்தது. பாலு மட்டை பிடித்திருந்தால் எப்படி ஆடியிருப்பார் என்று அவருடைய பூனா எஜமானர்களில் யாருக்காவது தெரியுமா?

இன்று மண் குவளை கொடுப்பவர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மட்டை யாருடையதோ அவனே முதல் ஆட்டக்காரன் என்னும் தெருச் சட்டம் பந்தய மைதானத்திலும் நடக்கின்றதா இல்லையா? நல்ல மட்டையின் விலை ஒரு கூலிக்காரரின் பல நாள் சம்பளம். நன்கொடை கொடுத்தவர் மகன் முதலில் இறங்குகிறான். குடிசைப் பையன் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்து வருகிறான். பெண் பிள்ளைகளோ கைதட்டுவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறார்கள். 19 வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பையை 2023இலும் 2025இலும் ஜெயித்தது இந்தியப் பெண்கள்தான் என்பது நோட்டீசு அடிப்பவர்களுக்குத் தெரியாதா?

ஆகவே வருகிற விடுமுறையில் பந்தயம் நடத்த இருக்கும் தோழர்களுக்கு நமது யோசனை இது. தோற்றவர் வீட்டுக்குப் போவது என்பதை எடுத்துவிட்டு, நான்கு நான்கு பள்ளிக்கூடமாகப் பிரித்து ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆடும்படி செய்யுங்கள். எட்டுப் பள்ளிக்கூடத்திற்கு இறுதி ஆட்டத்தையும் சேர்த்து 13 ஆட்டந்தான் வரும். இரண்டு மைதானம் கிடைத்தால் நான்கு நாளில் முடிந்துவிடும். முப்பது பந்து ஆடியவன் ஒதுங்கி நிற்கட்டும், மற்றவர்கள் ஆடி முடித்த பிறகு வேண்டுமானால் மறுபடி வரட்டும். விக்கெட்டுக் காப்பவனைத் தவிர ஒவ்வொருவனும் ஓர் ஓவராவது போட வேண்டும். மட்டை, பேடு, கையுறை எல்லாம் கமிட்டியே ஒரு பொதுப் பையில் வைத்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் புத்தகத்தை முன்னாடியே வாங்கி வயதைப் பார்த்துவிட வேண்டும். கனவான்கள் பேசுவதாயிருந்தால் கடைசி ஆட்டம் முடிந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போட்ட பிறகு பேசட்டும்.

மட்டைக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். நம்முடைய பந்தயத்தின் செலவுக் கணக்கு இன்னும் நம்மிடம் இருக்கின்றது. மாலை, சால்வை, பூசணிக்காய், ஒலிபெருக்கி, நோட்டீசு, கோப்பை ஆகியவற்றிற்குப் போனது போக, பிள்ளைகளின் சாமானுக்கு என்று எழுதியிருப்பது பந்துக்கான ஒரே ஒரு வரிதான். அடுத்த தடவை அந்தப் பட்டியலை நாம் தலைகீழாக எழுத இருக்கின்றோம். இரண்டு பஸ் மாறி வந்த அந்தத் தகப்பனாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கின்றோம். அவருடைய பையனுக்கு இப்பொழுது 14 வயது கடந்துவிட்டதாம், தம்பி ஒருவன் இருக்கிறானாம்.