தாத்தாவின் ரிவால்வருக்கு ஸ்பிரிங் தேடாதீர்கள்

போன மாதம் என் அண்ணன் மகன் ஒரு பழைய துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "சித்தப்பா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியும். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். பாகம் வாங்க வேண்டும்" என்றான். பிரித்தால், எங்கள் தாத்தாவின் ரிவால்வர்!

தாத்தா சொல்தா. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அவர் ஒரு ஜெர்மன் அதிகாரியிடமிருந்து அதைப் பிடுங்கி வந்தார் என்பது எங்கள் வீட்டுப் புராணம். தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கதையில் ஒரு ஜெர்மானியர் கூடிக்கொண்டே போவார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். குழலின் மேலே 'மாடல் 1892' என்பதன் சுருக்கம். குழலின் வலப்பக்கம் 'எஸ்' என்ற எழுத்தும் 1897 என்ற ஆண்டும். எஸ் என்றால் சேன்த் எத்தியேன், பிரெஞ்சு அரசின் ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர். ஆறு குண்டு, 8 மி.மீ. அமெரிக்க கோல்ட், ஸ்மித் வெஸ்ஸன் போன்றவற்றில் உருளை இடப்பக்கம் வெளியே வரும். இதில் வலப்பக்கம் வரும். அந்த ஒன்றே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, ஜெர்மன் துப்பாக்கியே இல்லை. தாத்தாவுக்குச் சம்பளம் கொடுத்த படையின் சொந்தத் துப்பாக்கி. புராணம் அன்றோடு முடிந்தது.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடவில்லை. உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, கைப்பிடியின் ஒரு பக்கப் பலகை காணவில்லை. "பிரான்சில் இதற்குப் பாகம் தாராளமாக விற்கிறார்கள் சித்தப்பா. இல்லையென்றால் நம்மூர் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்" என்கிறான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பையன் ஒருவனுக்காக மட்டும் இதை எழுதவில்லை. நம் ஊரில் சொல்தா வீடுகள் பல. பரணில் இப்படி ஒன்று கிடக்கும் வீடு எங்களுடையது மட்டுமாக இருக்காது.

பிரான்சில் 1900-க்கு முந்திய மாடல்களில் பெரும்பாலானவற்றை, இந்த 1892 உட்பட, வயது வந்த எவரும் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 2013 முதல் அங்கே அப்படி. அவன் படித்தது பொய்யில்லை. ஆனால் அது பிரான்சுச் சட்டம். அவன் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். துப்பாக்கி கிடப்பதோ புதுச்சேரி வீட்டு அலமாரியில். போலீஸ் அலமாரியைத்தான் பார்க்கும், பாஸ்போர்ட்டை அல்ல.

நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லின் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடக்கம். பழைய ஆயுதத்துக்கு 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். காலாவதியான மாதிரி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என எதுவானாலும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்பிரிங் போட்டால் சுடும் என்று நீயே தேடி அலைந்தால், விலக்கு இல்லை என்பதற்கு நீயே சாட்சி! முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டியவன் சொல்கிறேன், இதைவிடச் சுத்தமாகத் தன் கேஸைத் தானே கெடுத்துக்கொள்ள முடியாது.

"அப்பா பெயரில் உரிமம் இருந்ததே" என்றான். அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகிறது. உரிமம் வீட்டுப் பத்திரம் அல்ல, வாரிசுக்குத் தானாக வருவதற்கு. அவனவன் தன் பெயரில் மனுப் போட வேண்டும். அதுவரை ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். 21-ஆம் பிரிவு. அதற்கும் கெடு உண்டு, தவறினால் பறிமுதல்.

சட்டம் கிடக்கட்டும். நூற்று இருபது வருடத்துக்கு மேலான இரும்பு அது. பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், அவர் போடும் ஸ்பிரிங்கை நம்பி விசையை இழுப்பவன் பந்தயம் வைப்பது தன் விரல்களை.

இன்னொரு கட்சியும் உண்டு. என் மனைவி அந்தக் கட்சி. "பேசாமல் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுங்கள்" என்றாள். அதையும் நான் ஒப்பவில்லை. கடலில் போட்டால் தாத்தாவின் கடைசிச் சாட்சி போய்விடும். உரிமப் பதிவேட்டில் இருக்கும் துப்பாக்கி எங்கே என்று நாளை கேட்டால் கடலையா கைகாட்டுவது?

அடையாளம் காண்பது வேறு, பாகம் தேடுவது வேறு. முதலாவது நம் கடமை. எழுத்து, எண், ஆண்டு எல்லாவற்றையும் படித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், படம் எடுங்கள், யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்று குறியுங்கள். இரண்டாவது வீண் வீம்பு. அந்த உடைந்த ஸ்பிரிங்கும் தாத்தாவுடையதுதான். புதிதாகச் செய்து போடுவது பட்டறைக்காரருடையது.

மறுநாள் காவல் நிலையத்துக்கு முதலில் நான் மட்டும் போய், விவரம் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொண்டேன். பிறகு இருவருமாகப் போய் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். திரும்பி வரும்போது பையன் கேட்டான்: "அப்படியென்றால் ஜெர்மன்காரன் கதை முழுக்கப் பொய்யா, சித்தப்பா?"

"துப்பாக்கி அவனுடையது இல்லை. தாத்தா போருக்குப் போனதும் உயிரோடு திரும்பியதும் பொய்யில்லை. இனி அதைச் சொல்" என்றேன்.

ரசீதைத் தாத்தாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறோம்.