கறளின்மேற் பூசும் பட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய மோட்டார் வண்டிகளுக்குள்ள மதிப்புத் தனியானது. மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற்றும், அதற்குப் பின்வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் தாம் பிறந்த நாட்டிற் காட்சிப்பொருள்களாகிவிட்ட பின்னரும் நம் ஒழுங்கைகளில் உழைத்துக்கொண்டிருந்தன. 1990 ஆம் ஆண்டின் பின், எரிபொருளுக்குத் தடை நிலவிய காலத்திலே, சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை அவை. 1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது வளவுகளிற் கைவிடப்பட்டனவும் உள. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டமையால், கொட்டிலிற் கிடந்த வண்டிகளுக்கும் விலை ஏறிற்று. வெளிநாடுகளிலிருந்து வரும் நம் பழைய மாணவர் சிலர், தந்தையார் ஓட்டிய வண்டியைத் தேடியெடுத்துப் புதுக்குவிக்கின்றனர். மகிழத்தக்கதே. ஆயினும், புதுக்குதல் என்னும் பெயரால் நடைபெறுவது பலவிடத்தும் பூசி மறைத்தலாகவே இருக்கின்றது. அவ்வழக்கம் தீங்கானது, உயிருக்கும் கேடு பயப்பது. அதனைக் கைவிடல் வேண்டும் என்பதே என் கருத்து.

இரும்பைத் தின்னும் இந்நோயைத் தமிழகத்தார் துரு என்பர். நாம் கறள் என்போம். நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இரும்பை ஒருங்கே அடையுமிடத்து அது தோன்றும். உப்பு அதனோடு சேர்ந்தாலோ கேடு விரைவுபடும். உப்பு, காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்துவைத்துக்கொள்வது. அவ்வீரத்தை மின்கடத்துங் கரைசலாக்கி அரிப்பைத் தூண்டுவது. பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைத் தாம்போதியிலும் நாள்தோறும் செல்லும் வண்டிக்கு இருமருங்கும் கடல், மேலே உவர்க்காற்று. கரையோரத்தார் சிலர் வண்டியைக் கழுவுவதும் உவர்க்கிணற்று நீராலேயாம். கழுவியபின் மேற்புறம் பளபளக்கும். அடியிலும் மடிப்புகளிலும் தங்கிய நீர் உலர்ந்து உப்பை விட்டுச் செல்லும். அன்றியும் கறள் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருவது. மேற்பூச்சில் ஒரு கொப்புளம் தோன்றும்போது, உள்ளே தகடு பெரிதும் உண்ணப்பட்டிருக்கும். இரும்பினும் கறள் மிகுந்த இடங்கொள்வதாலேயே பூச்சு மேலெழும்புகின்றது.

இக்கொப்புளத்தைக் கண்டவுடன் செய்யப்படுவது யாது? மேற்கறளைச் சுரண்டிவிட்டு, துளையினுட் கம்பிவலையையோ கடதாசியையோ திணித்து, பட்டி என்னும் பசையை அப்பி, அது இறுகியதும் உரைகடதாசியால் உரைத்து மையடிக்கின்றார்கள். மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். கண்ணுக்குக் குறையொன்றும் தோன்றாது. ஆனால் அப்பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதன் பின்னால் எஞ்சிய கறள் இருட்டிலே தன் வேலையைத் தொடரும். ஒரு மாரி கழிந்ததும் அதேயிடத்திற் கொப்புளம் மீண்டும் எழும்; இம்முறை துளை முன்னையிலும் அகன்றிருக்கும்.

அழகு கெடுவதோடு இது நின்றுவிடுமாயின் இத்துணை எழுதவேண்டியதில்லை. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரை வகுத்த அலெக் இசிகோனிஸ் என்பார், அதற்குத் தனியானதோர் அடிச்சட்டம் அமைக்கவில்லை. மடித்துப் பற்றவைத்த தகடுகளே அவ்வண்டியின் எலும்புமாம். கதவின்கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிபோன்ற பகுதியை ஈண்டு வாசற்சட்டம் என்போம். கூரையும் தரையும் வளையாமல் நிற்பது அதன் வலிமையாலேயே. முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக்கம்பிகளின் பின்முனைகள் தரையின் கீழுள்ள குறுக்குச்சட்டத்திற் பொருந்தியுள்ளன. பின்சில்லுகளின் வில்லுகளும் அடித்தகட்டிலேயே மாட்டப்பட்டவை. இவ்விடங்களிலே தகடு உளுத்துப்போக, மேலே பட்டியும் மையும் மாத்திரம் எஞ்சியிருந்தால், அவ்வண்டியில் ஐவரை ஏற்றிச்செல்வோன் எதன்மேல் நம்பிக்கை வைக்கின்றான்? சோமர்செற்றின் நிலை சற்று வேறு. அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. கேம்பிறிட்ஜோ இவ்வகையில் மைனரின் இனமே. எல்லாப் பழைய வண்டிகளும் கட்டியானவை என்று பெருமை பேசுவோர் இவ்வேறுபாட்டை அறிதல் நன்று.

செவ்விய முறை கடினமானதுதான். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கி, இருக்கை விரிப்பு யாவற்றையும் அகற்றியபின், சிறு சுத்தியல் கொண்டு தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல தகடு கணீரென்னும், உளுத்தது மொத்தென்னும். ஐயமுள்ள இடத்தைக் கூரிய உளிமுனையாற் குத்திப் பார்க்கலாம். பின்பு கறள் பிடித்ததை மட்டுமன்றி, அதற்கு அப்பால் நல்ல இரும்பு ஒளிவிடுமளவும் வெட்டியெறிதல் வேண்டும். இங்கேதான் உரிமையாளர் மனங் கலங்குவர். உள்ளங்கையளவு துளை என்று எண்ணி வந்தவர் முழநீளத் தகடு தரையில் விழுவதைக் காண்பார்.

வாசற்சட்டத்தை வெட்டுமுன், வண்டி தன் சில்லுகளின்மேல் நிற்கும் நிலையிலேயே இருக்குமாறு அச்சுகளின்கீழ் முட்டுக் கொடுத்து, கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சலாகை பிணைத்துக்கொள்வர் அறிந்த தொழிலாளர். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவர். இதனைச் செய்யாது நடுவே முட்டுக்கொடுத்து வெட்டினால் உடல் வளைந்துவிடும். பின்னர் எத்துணை முயன்றாலும் கதவு பொருந்தாது. புதுத்தகடு பழையதன் கனத்திற்குக் குறையாததாக இருத்தல் வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் எண்ணெய்ப் பீப்பாவைப் பிளந்து ஒட்டிய தகடுகள் இன்றும் உறுதியாக நிற்பதைக் கண்டிருக்கின்றேன். அதன் கனம் அதற்குப் போதியது. கூரைத் தகரத்தை ஒட்டுவது அறவே தகாது. அது மெல்லியது, அதன்மேலுள்ள நாகம் தீயிற் புகைந்து ஒட்டுவோனுக்குக் காய்ச்சலை உண்டாக்கும். கறள் பிடித்த தகட்டை வெட்டாமல் அதன்மேலேயே புதுத்தகட்டைப் போர்த்துவதும் பட்டி பூசுவதற்கு அண்ணன்முறையான பிழையே.

காஸ் விளக்கால் ஒட்டினால் வெப்பம் பரந்து தகடு நெளியும். ஆதலின் முதலிற் சிறு புள்ளிகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, பின்னரே இடைவெளிகளைச் சிறிது சிறிதாக நிரப்பிவருவர். பாரந் தாங்குமிடத்திலே ஒட்டு இடையறாது செல்லல் வேண்டும், புள்ளிகளோடு விட்டுவிடலாகாது. இத்துணையும் முடிந்தபின், வெளித்தகட்டில் ஒட்டிய தழும்பை மட்டஞ்செய்யப் பட்டியை மெல்லிதாகப் பூசுவதில் தவறில்லை. பட்டி வருமுன்னர் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கி, மரக்கட்டையால் வழித்து அத்தழும்பை நிரப்பினர். அவ்வேலை அறிந்தவர் இன்று அருகிவிட்டனர்.

பூசி மறைக்குங் குற்றம் தொழிலாளருடையது என்று கூற யான் உடன்படேன். “கலியாணத்துக்கு முன் முடித்துத் தாருங்கள், செலவு கூடக்கூடாது” என்று கேட்பவர் உரிமையாளரே. வெட்டி ஒட்டுவதற்கு மூன்று கிழமை வேண்டுமென்று உண்மை சொல்லும் தொழிலாளியை விட்டு, மூன்று நாளிற் பூசித் தருபவனை நாடுவோரும் அவரே. அடியில் நடந்த வேலையை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. மையின் பளபளப்புக்கே பணம் கொடுக்கின்றோம். விற்பதற்காகவே பூசுவோரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை, அது வஞ்சகம்.

பிரித்தானியாவில் 1960 இலேயே, பத்தாண்டு கடந்த வண்டிகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படவேண்டுமென்னும் விதி வந்தது. சில்லு, வில்லு, இருக்கைப்பட்டி முதலியன பொருந்துமிடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் வலிமை கெடுமளவு கறளிருப்பின் அவ்வண்டி தேறாது. 2018 முதல் நாற்பதாண்டு கடந்த வண்டிகளுட் பெரிதும் மாற்றப்படாதனவற்றிற்கு அங்கே விலக்கு அளித்துள்ளனர். அவ்விலக்கு நமக்கு முன்மாதிரியாகத் தோன்றவில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் புகையைச் சோதிக்கின்றார்கள், வேண்டியதே. ஆனால் புகை சுத்தமாக வரும் வண்டியின் வாசற்சட்டம் மாவாய்க் கிடக்கலாம். கலியாணங்களுக்கும் விழா ஊர்வலங்களுக்கும் வாடகைக்கு விடப்படும் பழைய வண்டிகளையேனும் ஆண்டுக்கொருமுறை உயர்த்தி நிறுத்தி, அடியைத் தட்டிப் பார்த்தபின் தெருவில் விடுதல் வேண்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. வாடகைக்குக் கேட்போர், “அடி எப்பொழுது பார்க்கப்பட்டது?” என வினவத் தொடங்கினாலே போதும்.

நன்றாக ஒட்டிய வண்டிக்கும் காவல் வேண்டும். ஒட்டியவிடத்து உட்புறம் தீயிற் கருகி வெறுமையாய் நிற்குமாதலின், சட்டங்களின் உட்குழிகளில் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சிவிடல் நன்று. அதனினும் எளிதானது ஒன்றுண்டு. கதவுகளின் அடியிலும் சட்டங்களின் அடியிலும் நீர் வடிவதற்கெனச் சிறு துளைகள் வைத்தே இவ்வண்டிகளைச் செய்தனர். மையடிப்போர் அவற்றை அறியாது அடைத்துவிடுகின்றனர். அடையாதவற்றைச் சேறு அடைத்துவிடுகின்றது. மாரி தொடங்குமுன் ஒருமுறையும், தை மாதத்தில் ஒருமுறையும் ஈர்க்கினாற் குத்தி அவற்றைத் திறந்துவிடல் வேண்டும்.