சொகுசு 'கிரீன்' அடுக்குமாடி: கடலூர், சிதம்பரத்தில் கரண்ட் பில் உண்மையிலேயே குறையுமா?

ஜிம், நீச்சல் குளம், மொட்டை மாடியில் சோலார், பார்க்கிங்கில் எலெக்ட்ரிக் கார் சார்ஜர், கூடவே 'கிரீன் பில்டிங்' என்ற முத்திரை. சென்னை ஓஎம்ஆர் விளம்பரங்களில் பார்த்துப் பழகிய இந்த வார்த்தைகள் கடலூரிலோ சிதம்பரத்திலோ வீடு தேடுபவர்களுக்கும் புதிதல்ல. ஆனால் கட்டடம் உயர உயர மின்சாரம் மிச்சமாகுமா?

முதலில் சோலார் கணக்கைப் பார்ப்போம். எத்தனை மாடி கட்டினாலும் மொட்டை மாடி ஒன்றுதான். 5,000 சதுர அடி மாடியில் தண்ணீர் டேங்க், லிஃப்ட் அறை போக பாதி இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். ஆக 25 கிலோவாட். நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 யூனிட் கிடைக்கும். மாடிக்கு 4 வீடு வீதம் 3 மாடி என்றால் வீட்டுக்கு 8 யூனிட். அதுவே 15 மாடி, 60 வீடு என்றால்? வீட்டுக்கு ஒன்றரை யூனிட் சொச்சம். ஒரு ஏசி இரண்டு மணி நேரம் ஓடினால் தீர்ந்துவிடும்.

அதனால்தான் பெரிய அடுக்குமாடிகளில் சோலார் பெரும்பாலும் லிஃப்ட், மோட்டார், வராண்டா விளக்குக்கே போகிறது. பிரதமரின் சூர்யா கர் திட்டத்திலும் தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கோ கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்தான்.

பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் பலர் கவனிப்பதில்லை. 2023 அக்டோபரில் தமிழக அரசு இதை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாகக் குறைப்பதாக அறிவித்தது. யாருக்கு? 10 வீடுகளுக்கு மிகாமல், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும். 2019 கட்டட விதிகள் 'உயரமான கட்டடம்' என்று சொல்லும் 18.30 மீட்டரைத் தாண்டியவை இந்தச் சலுகைக்குப் பக்கத்திலேயே வர முடியாது. மாதாமாதம் மெயின்டனன்ஸில்தான் இது தெரியும்.

உண்மையான மிச்சம் எங்கே?

சுவரிலும் ஜன்னலிலும். மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட நெறிமுறை, கூரை நீங்கலாக வெளிச்சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம்ம கடலோரம் மாதிரி இடங்களில், 100 சதுர அடி தரைக்குச் சுமார் 16.6 சதுர அடி திறக்கக்கூடிய ஜன்னலும் வேண்டும். ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், கவனிக்கவும்.

கடலூரில் கடல் கிழக்கே. 'சீ வியூ' வேணும்னு அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் காலை வெயில் நேராக ஹாலுக்கு வரும். வராத வெயிலுக்கு ஏசி தேவையில்லை என்பது சிதம்பரத்தில் முற்றமும் திண்ணையும் வைத்துக் கட்டியவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 20 மாடிக்கு மேற்பட்ட அலுவலகங்கள் 6 மாடி வரையிலானவற்றைவிடச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு மின்சாரம் இழுப்பது தெரியவந்தது. அவை அலுவலகங்கள், ஊரும் குளிரானது. அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் உயரம் இலவசமல்ல.

கரண்டே இல்லாத நாளில்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில், சில இடங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படியொரு நாளில் 12ஆவது மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறும்? பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மிச்சம் டீசல் ஜெனரேட்டர்தான். எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருக்கும் என்பதை 'கிரீன்' விளம்பரத்தில் தேட வேண்டாம், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரண்டின் விலை வெறும் பில் அல்ல என்பதும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். நெய்வேலி இங்கேதான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் என்எல்சியின் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியதை ஊரே பார்த்தது.

ஃப்ளாட் வாங்கும் முன் முத்திரையையும் ஒருமுறை படிக்கவும். இந்திய பசுமைக் கட்டடக் கவுன்சில் தருவதில் முன்சான்று என்று ஒன்று உண்டு. அது வரைபடத்தைப் பார்த்துத் தருவது. கட்டி முடித்தபின் வரும் இறுதிச் சான்று வேறு. பில்டர் காட்டுவது எது என்று கேளுங்கள்.